இலைப் படம் போட்ட கூடாரம்

மருமகன் எப்படி என்று கேட்டீர்கள். நல்லவர், டீச்சர். அதுதான் என் கஷ்டமே. கொஞ்சம் முன்கோபம், கொஞ்சம் குடி என்று ஏதாவது இருந்திருந்தால் இந்நேரம் நானும் அதோ அந்த அம்மாவைப் போல வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பேன்.

நம்மை இந்த மூலையில் வரிசையாக நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள், பார்த்தீர்களா, கோயில் திருவிழா முடிந்து சப்பரத்தை நிறுத்துகிற மாதிரி. உங்களுக்கு மூட்டுவலி, சக்கர நாற்காலி கேட்டீர்கள், நியாயம். எனக்கு மூட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, இந்தத் தோஹாவில் வழி தவறிவிடுவாள் என்று மகள் நாற்காலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். எல்லாரும் செய்கிறதுதான். ஆனாலும் ஒரு பொய்தானே. ஏறி உட்காரும்போது லேசாக நொண்டினேன்.

என் பெயர் தெக்லா. தூத்துக்குடி. வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவராக இருந்தார், இறந்து ஏழு வருஷம் ஆகிறது. மகன் ஊரிலேயே இருக்கிறான். மகள் பிரிஸ்கா நர்ஸ். வேலைக்கு என்று அமெரிக்கா போனவள், அங்கே அதே ஆஸ்பத்திரியில் கரண்ட் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டாள். பெயர் கர்ட். ஆறரை அடி. நம் வாசலில் எல்லாம் குனிந்துதான் வர வேண்டும். விஸ்கான்சின் என்று ஒரு இடம், பால் மாடும் சோளக்காடும்தான். சிகாகோவில் இறங்கி மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும்.

அந்த மூன்று மணி நேரம்தான் என் பயம். இந்தத் தடவை மகள் வரவில்லை. அவளுக்கு டியூட்டி, பேத்தி குட்டி. கர்ட் தனியாகத்தான் என்னை அழைத்துப் போக வருகிறார். அவரிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகச் சொல்லாதது. மகள் நடுவில் இருந்தால் அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், அவள்தான் அவருக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது. ஆகவே காரில்தான். இதை விட்டால் இல்லை.

சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் டாலஸ் விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கல்யாணம் முடிந்து நான் முதல் தடவை போனபோது, என்னை 'அத்தை' என்று கூப்பிடச் சொல்லி அவருக்குப் பழக்கியிருந்தாள். அவருக்கு வாய் திரும்பவில்லை. 'அட்டே, அட்டே' என்றார். ஏதோ அட்டை கடித்த மாதிரி இருந்தது. 'அம்மா'ன்னே கூப்பிடட்டும், விட்டுடு என்றேன். அம்மா, சாப்பாடு, போதும். இந்த மூன்றும்தான் அவருக்குத் தெரிந்த தமிழ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவ்வளவுதான். மகள் இருந்தால் பேச்சு நடக்கும். அவள் டியூட்டிக்குப் போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்போம். கன்னம் வலிக்கும். போனில் பேசினால் அதுவே இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும் என்று மகள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். குழம்பில் உப்பு குறைவாக இருக்கிறதா என்று கேட்டேன். அது என்ன சொல்லிற்றோ, மனுஷன் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

அவர்கள் வீட்டில் ஆள் உயர ஃபிரீசர் ஒன்று உண்டு. போன இரண்டாம் நாள் கறி எடுத்துக் கொடுத்தாள். மிளகு தூக்கலாகப் போட்டு, இஞ்சி தட்டி வைத்தேன். நன்றாக வெந்தது.

"ஆட்டுக்கறி மாதிரி இல்லையே பிரிஸ்கா, என்ன கறி?"

"மான்ம்மா."

"போலீஸ் பிடிக்காதா?"

"இங்க லைசென்ஸ் உண்டும்மா. வருஷத்துக்கு இத்தனைன்னு கணக்கு. இவரும் இவங்க அப்பாவும் போய் அடிச்சுட்டு வருவாங்க. கடையில கறியே வாங்குறதில்ல."

சாப்பிட்டேன். மறைக்கவில்லை. இருபது நாள் சாப்பிட்டேன். அவருடைய அப்பா ரேமண்டுக்கும் ஒரு டப்பாவில் கொடுத்து அனுப்பினேன். உறைப்பு தாங்காமல் பால் குடித்துக்கொண்டே முழுசையும் சாப்பிட்டாராம்.

அப்புறம் அக்டோபர் வந்தது. அவர்கள் வேட்டை காலம். அம்பு எய்கிற வேட்டைதான் முதலில், துப்பாக்கி பிற்பாடு. கார் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு பையைக் கொண்டுவந்து போட்டார். குடை விரிகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார், டப் டப்பென்று ஒரு கூடாரம் நின்றது. மேலெல்லாம் இலையும் மரப்பட்டையுமாகப் படம் அச்சடித்த துணி. உள்ளே மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். சுற்றி ஜன்னல் ஜன்னலாகத் திறப்பு. இதற்குப் பெயர் பிளைண்ட் என்றாள் மகள். பிளைண்டுன்னா குருடுதானே என்றேன். அதற்குள் உட்கார்ந்தால் நமக்கு எல்லாம் தெரியும், மானுக்குத்தான் நாம் இருப்பது தெரியாது. யார் குருடு என்று யோசித்துப் பாருங்கள்.

முன்பெல்லாம் அப்பாவும் பிள்ளையும் மரத்தில் ஏறித்தான் உட்காருவார்களாம். கர்ட்டுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து அப்படித்தான். ரேமண்டுக்கு முட்டி போய்விட்டது. அவருக்காகத்தான் தரையில் உட்காருகிற இந்தக் கூடாரத்தை வாங்கினார். அந்த வருஷம் ரேமண்டு முட்டி ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மகளிடம் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள்.

"ம்மா, உன்னையக் கூடாரத்துக்கு வர்றியான்னு கேக்காரு."

"நானா? நான் அங்க வந்து என்னத்தச் செய்ய?"

"அங்க யாரும் பேசக்கூடாதாம். அதனால உங்க ரெண்டு பேருக்கும் அது தோதுப்படுமாம்."

இந்த மனுஷன் என்னோடு உட்கார ஒரு இடம் தேடியிருக்கிறார் பாருங்கள். மானை அடிக்கிற இடம் என்பதை எல்லாம் அப்போது நினைக்கவில்லை. தலையாட்டிவிட்டேன்.

சும்மா போய் உட்கார்ந்துவிட முடியாது. கூடாரத்தை மூன்று வாரம் முன்னாலேயே கொண்டுபோய்க் காட்டோரம் நிறுத்திவிட்டார். மான் தினம் பார்த்துப் பார்த்து, இது ஏதோ புதர் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். சுற்றிலும் கிளை ஒடித்துச் செருகினார். உள்ளே காய்ந்த சருகை எல்லாம் சுரண்டி வெறும் மண்ணாக்கினார், கால் வைத்தால் நொறுங்கக் கூடாது. மடக்கு நாற்காலியின் கால்களுக்கு எல்லாம் துணி சுற்றி டேப் ஒட்டினார், இரும்புச் சத்தம் வரக் கூடாது. எனக்குக் கறுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, முகத்துக்கும் ஒரு கறுப்பு மூடி. உள்ளே இருட்டாக இருப்பதால் கறுப்புப் போட்டால் தெரியாதாம். கண்ணாடியில் பார்த்தேன். பெரிய வெள்ளிக்கிழமைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் விட வாசனை. மானுக்குக் கண்ணை விட மூக்கு. துணியை வாசமில்லாத சோப்பில் துவைத்து, இலை போட்ட டப்பாவில் மூடி வைத்திருந்தார். மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தேங்காய் எண்ணெய் வைக்கக் கூடாது. பவுடர் கூடாது. தைலம் கூடாது. அப்புறம் கொஞ்சம் இழுத்தாள்.

"மீன் பொரிக்க வேண்டாமாம்மா, இந்த ஒரு வாரம். கோவிச்சுக்காத."

எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் தலையில் எண்ணெய் இல்லாமல் இருந்ததில்லை. அவருக்காக இருந்தேன்.

மீனைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லையா? கர்ட் கேட்டார். பிற்பாடு, மகள் வழியாக. நீங்கள் மீனைக் கொல்கிறவர்கள்தானே அம்மா, மான் மட்டும் என்ன என்று. உண்மைதான், எங்கள் வீட்டில் மீன் துள்ளத் துள்ள வந்து இறங்கும், நான்தான் தலையில் தட்டுவேன். அது வேறு. மீன் இமைக்காது. அது நம்மைப் பார்க்கிறதா, பார்க்கவில்லையா என்று நமக்குத் தெரியாது. அது வேறு, டீச்சர்.

முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஜிப்பை இழுத்து மூடினார். முன்பக்கம் மட்டும் இரண்டு திறப்பு. பின்பக்கம் திறந்தால் வெளிச்சம் வந்து நம் உருவம் தெரிந்துவிடும். ஒரு சின்ன டப்பாவை அமுக்கிப் பவுடரை ஊதினார். அது எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்த்தார். காற்று நம் முகத்துக்கு வருகிறது, நல்லது என்று கட்டை விரலைக் காட்டினார். அப்புறம் பேச்சே இல்லை.

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஆம்பிளையோடு இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை. யாருக்கும் காப்பி போட வேண்டாம். என்ன சொல்கிறார் என்று முழிக்க வேண்டாம். சிரித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரு அணில் வந்தது, தொட்டுக் காட்டினார். காட்டு வான்கோழி ஏழெட்டு வந்தது, காட்டினார். எனக்குக் குளிர்ந்ததும் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். என் பிள்ளை மாதிரி. என் பிள்ளை கொடுக்க மாட்டான், அது வேறு விஷயம்.

நான் செபமாலையை எடுத்து வைத்துக்கொண்டேன். மான் வரக் கூடாது என்று ஜெபித்தேன். மாலையில் பத்து மணி உருட்டியதும் ஒரு தடவை, மாதாவே, இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அதனிடம் சொல்லிவிடு. அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் என் கையிலிருந்த மாலையைத் தொட்டுக் காட்டி, தலைக்கு மேல் இரண்டு விரலைக் காது மாதிரி வைத்து, கையைக் கூப்பினார். மான் வர வேண்டிக்கொள்ளுங்கள் அம்மா என்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, வரக் கூடாது என்று அடுத்த பத்து மணியைத் தொடங்கினேன். நாலாம் நாளும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு இது. நானும் மாதாவும் பேசி முடித்துவிட்டோம், இனி வராது என்று.

ஐந்தாம் நாள் வந்தது.

பெண் மான். சத்தமே இல்லை. இல்லாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். பதினைந்து அடி தூரம் இருக்கும். கூடாரத்தைப் பார்த்தது, புதரைப் பார்க்கிற மாதிரி. குனிந்து மேய்ந்தது. அவர் வில்லை எடுத்து மெதுவாக இழுத்தார். இப்படி ஒரு பக்கமாக நிற்கிறபோது விலாவில் பட்டால் ஒரு நிமிஷம்தானாம், நூறு அடி போகாமல் விழுந்துவிடுமாம். அதற்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள். வலிக்கவிடக் கூடாது என்பது ரேமண்டு அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். இதெல்லாம் எனக்கு மகள் முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

அவர் விடப் போகிற நேரம், என் கையிலிருந்த செபமாலை நழுவி நாற்காலியில் பட்டது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

மான் துள்ளித் திரும்பியது. அம்பும் போய்விட்டது. மானும் போய்விட்டது.

அவருக்கு என் சத்தம் கேட்கவில்லை. அம்பு விடுகிற சத்தத்தில் அது கலந்துவிட்டது. வெளியே போய், மானைத் துளைத்து அந்தப் பக்கம் விழுந்த அம்பை எடுத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. விலாவில் படவில்லை, வயிற்றில் பட்டிருக்கிறது. வயிற்றில் பட்டால் உடனே சாகாது. துரத்தினால் இன்னும் ஓடும், ஆகவே விடியும்வரை தொடரக் கூடாது. திரும்பி வந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்து, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "சாரி, அம்மா" என்றார்.

என்னிடம், டீச்சர். அவர் என்னிடம்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும்" என்றேன். அவருக்குத் தெரிந்த தமிழ் அதுதானே. வேறு என்ன சொல்ல?

மறுநாள் விடிந்ததும் போனார். ரேமண்டு ஆபரேஷன் காலோடு கம்பை ஊன்றிக்கொண்டு கூடப் போனார். மழை தூறி ரத்தத் தடம் அழிந்துவிட்டது. மூன்றாம் நாள்தான், காக்கை சுற்றுகிறதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் தேடிச் சதுப்புக்குப் போயிருக்கிறது. கறி ஒன்றுக்கும் ஆகவில்லை. ராத்திரி முழுக்க உசிரோட கெடந்திருக்கும்மா என்று மகள் சொன்னாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். இவள் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டாள், நர்ஸ் புத்தி.

அன்றைக்கே கூடாரத்தை மடித்துப் பையில் போட்டார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் கை இப்படித் தவறியதில்லையாம். அந்த வருஷம் அதற்கப்புறம் போகவில்லை. போன வருஷமும் போகவில்லை.

மகள் போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "உன் ஜெபம்தாம்மா, அவர் வேட்டைய விட்டுட்டாரு." நான் மறுக்கவில்லை. ஊரில் எங்கள் அன்பியக் கூட்டத்தில், தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம் அது, இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று சொன்னேன். ஐந்து நாள் செபமாலை, மருமகன் மனம் திரும்பினார். மான் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்துத் தெரு அமலி தன் மகன் குடியை விட ஜெபிக்கச் சொல்லி என்னைத் தேடி வந்தாள். ஒரு சீப்புப் பழத்தோடு.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம். நாற்காலிக் காலுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தது. நான்தான் சொன்னேன். அப்புறம் டிக் என்று எப்படிச் சத்தம் வந்தது என்கிறீர்கள். டீச்சர்மாரிடம் கதை சொன்னால் இதுதான்.

மடங்குகிற இடத்தில், கீல் இருக்கிற இடத்தில், அங்கே மட்டும் துணி சுற்ற முடியாது. சுற்றினால் மடங்காது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெறும் இரும்பு. நாலு நாளாக நான் விரலால் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும் எனக்கு. மாலை நழுவவில்லை. மாலையின் சிலுவையைப் பிடித்து அதில் தட்டினேன்.

அந்த மானைக் காப்பாற்றத்தான் தட்டினேன். அப்படித்தான் இரண்டு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால், டீச்சர், அது வந்து நின்றபோது எனக்குப் பாவம் என்று தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. நாலு நாள் கேட்டதைக் கொடுத்துவிட்டு இன்றைக்கு இப்படியா, மாதாவே என்று. நான் கேட்டது நடக்காமல் போகிறதே என்று. பாவம் பார்த்திருந்தால் அவர் வில்லை எடுப்பதற்கு முன்னாலேயே இருமியிருக்கலாமே. மான் பாட்டுக்கு ஓடியிருக்கும். கடைசி வரைக்கும், மாதா பார்த்துக்கொள்வாள் என்று வீம்பாக உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் விடுகிற நேரத்தில் தட்டினேன். என் சத்தம் இல்லாவிட்டால் அது ஒரு நிமிஷத்தில் போயிருக்கும்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? புதுச் சாமியார், சின்ன வயது. செபமாலை கை நழுவி, ஒரு மான் கஷ்டப்பட்டுச் செத்துப்போச்சு சாமி என்றேன். கூண்டுக்குள்ளே சிரிப்பை அடக்குகிறது தெரிந்தது. "கை நழுவுனதெல்லாம் பாவம் இல்லம்மா, மூணு அருள்நிறை மரியே சொல்லுங்க போதும்" என்றார். மூன்றுக்கு முப்பது சொன்னேன். முப்பது சொன்னால் மட்டும்? நழுவியது என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வார்த்தை நாக்கில் இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். அப்படியே பூசையில் நன்மை அப்பமும் வாங்கினேன், வாங்கிக்கொண்டும் இருக்கிறேன்.

இப்படியே இருந்திருப்பேனோ என்னவோ. போன மாதம் ரேமண்டுக்கு நெஞ்சில் ஆபரேஷன். பிழைத்துவிட்டார். ஆனால் இன்னொரு அக்டோபர் இருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. படுக்கையில் இருந்துகொண்டு மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். இந்த ஒரு தடவை கூடாரத்தில் என்னோடு வந்து உட்கார் என்று. மான் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார் என்று. கர்ட் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏம் பிரிஸ்கா, சும்மா போய் உக்காந்துட்டு வந்தா என்னவாம்?"

"வில்ல எடுக்காம அப்பா விட மாட்டாராம்மா. என் கைய நம்ப முடியலங்காரு. பழம் நறுக்கும்போதுகூட அந்தக் கையையே பாத்துட்டு நிக்காரு. வேலையில ஏணி ஏறும்போது என்ன பண்ணுவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு. நீ வந்து ஜெபம் பண்ணும்மா."

நான் வந்து ஜெபம் பண்ண வேண்டுமாம்.

அதற்குத்தான் இந்தப் பயணம். பேத்திக்கு ஞானஸ்நானம் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் நான் போவது அவரிடம் சொல்ல. உங்கள் கை தவறவில்லை, நான்தான் என்று. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் கைக்குத் தைரியம் வரும். அப்பாவோடு போய் உட்காருவார். மான் வரும். அடிப்பார். அந்த மானுக்கும் நான்தான் காரணம். அதையும் யோசித்துவிட்டேன், டீச்சர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மான் நிற்கிறது.

என்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? அது எனக்குத் தெரியாது. இரண்டாவது நாற்காலியில் இனி என்னை உட்காரச் சொல்ல மாட்டார், அது தெரியும். அந்த நாலு நாளையும் அவர் திரும்பிப் பார்ப்பார். கையுறை கொடுத்ததை, அணிலைக் காட்டியதை. பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கிழவி இரும்பைத் தடவிக்கொண்டிருந்தாளே என்று.

மகளுக்கும் தெரியத்தான் போகிறது. முதலில் அவருக்கு.

நானே ஒரு வரி தயார் செய்து வைத்திருக்கிறேன். வீட்டில் தினமும் சொல்லிப் பார்த்தேன். சரியா என்று பாருங்கள். 'நாட் யுவர் ஹேண்ட், கர்ட். ஐ மேக் சவுண்ட்.' புரியுமா? புரியும் என்கிறீர்களா? கையாலும் தட்டிக் காட்டுவேன்.

இல்லை, இன்னும் இருக்கிறது. இது போதாது. இப்படிச் சொன்னால் அவர் என்ன நினைப்பார், பாவம் அம்மா, தெரியாமல் பட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். காரை ஓரமாக நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொள்வார். 'இட்ஸ் ஓகே அம்மா' என்பார். நானும் அழுவேன். சாமியார் மன்னித்த மாதிரி இவரும் மன்னித்துவிடுவார். கைக்குத் தைரியமும் வந்துவிடும், வேட்டைக்கும் போய்விடுவார். எல்லாருக்கும் நல்லதாகவே முடிந்துவிடும். அதுதான், டீச்சர், அந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தூத்துக்குடியிலிருந்து மனம் சொல்லிக்கொண்டே வருகிறது.

'வேணும்னே செஞ்சேன்' என்பதற்கு இங்கிலீஷில் என்ன?

ஆன் பர்ப்பஸ். ஆன். பர்ப்பஸ். சின்ன வார்த்தைதான். நான் ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

அதோ, என் பெயர் போட்ட அட்டையோடு வருகிறார்கள், சிகாகோதான் போலிருக்கிறது. பேனா இருக்கிறதா உங்களிடம்? இந்தச் சீட்டின் பின்னால் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள், பெரிதாக, காருக்குள் வெளிச்சம் இருக்காது. இல்லை, இல்லை, அப்படி வரிசையாக வேண்டாம். அந்த வார்த்தையை முதலில் எழுதுங்கள். தப்பான இங்கிலீஷாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் எழுதுங்கள். கடைசியில் வைத்தால், அது வருவதற்குள் நான் நிறுத்திவிடுவேன்.